அடிக்கும் முன் பார்க்கப் பழகுங்கள்: பேஸ்பால் வீடியோ கேமில் பேட்டிங் கற்கும் வழி

பேஸ்பால் வீடியோ கேமைப் புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வாரத்தில் படும் பாடு ஏறக்குறைய ஒரே மாதிரியானது. பந்து வருகிறது, பொத்தானை அழுத்துகிறார்கள், மட்டை காற்றில் சுழல்கிறது. அடுத்த பந்திலும் அதே கதை. மூன்று பந்துகளில் ஒருவர் அவுட், பத்துப் பதினைந்து பந்துகளில் மூவர் அவுட், ஒரு இன்னிங்ஸ் காலி. விரல் வேகம் போதவில்லை, வயதாகிவிட்டது, கன்ட்ரோலர் சரியில்லை என்றெல்லாம் காரணம் தேடுவார்கள். பெரும்பாலும் காரணம் அவற்றில் எதுவும் இல்லை. வருகிற பந்தையெல்லாம் அடிக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் ஆழமாக ஊறியிருக்கும். அங்கே பின்னால் ஸ்டம்ப் இருக்கிறது, பந்து தரையில் பட்டு எழும்போது இன்னொரு முறை கணிக்க அவகாசமும் கிடைக்கிறது. பேஸ்பாலில் இரண்டும் கிடையாது. பந்து தரையைத் தொடாமலேயே காற்றில் வளைந்து, பேட்டருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் கேட்சரின் கையுறைக்குப் போய்விடும். பேட்டருக்கு அருகே தரையில் பதித்த ஹோம் பிளேட் என்ற தட்டுக்கு மேலே, அவர் முழங்காலிலிருந்து மார்பு வரை உள்ள கற்பனைப் பெட்டிதான் ஸ்டிரைக் ஜோன். அதற்குள் வரும் பந்தை விட்டாலும், எந்தப் பந்தையும் சுழற்றித் தவறவிட்டாலும் ஸ்டிரைக். மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். ஆனால் ஜோனுக்கு வெளியே போகிற பந்தைத் தொடாமல் விட்டால் அது ‘பால்’ என்று உங்கள் கணக்கில் சேரும். நான்கு ‘பால்’ சேர்ந்தால் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். விடுவதற்கே பரிசு உள்ள ஆட்டம் இது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றவை எளிதில் பின்தொடரும்.

இந்தக் கட்டுரையை ‘எம்எல்பி தி ஷோ’ என்ற பேஸ்பால் கேமை மையமாக வைத்து எழுதுகிறேன். சோனியின் சான் டியேகோ ஸ்டுடியோ உருவாக்கும் இந்த வரிசை ‘தி ஷோ’ என்ற பெயரில் 2006இல் தொடங்கியது. நீண்ட காலம் பிளேஸ்டேஷனுக்கு மட்டுமே வந்துகொண்டிருந்த இது, 2021இல் எக்ஸ்பாக்ஸுக்கும் 2022இல் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கும் வந்தது. பந்தை அடையாளம் காணும் பகுதி எந்த பேஸ்பால் கேமுக்கும் பொருந்தும்.

முதலில் திரையைச் சரிசெய்யுங்கள்

மணிக்கு 153 கிலோமீட்டர், அதாவது 95 மைல் வேகத்தில் கையை விட்டுப் புறப்படும் பந்து, ஹோம் பிளேட்டை அடைய ஏறக்குறைய 0.4 விநாடிதான் எடுக்கிறது. அந்த வேகத்தில் 50 மில்லி விநாடியில் பந்து இரண்டு மீட்டர் கடந்துவிடும். உங்கள் தொலைக்காட்சி படத்தை அழகாக்குகிறேன் என்று 50 மில்லி விநாடி தாமதித்தால், நீங்கள் பார்க்கும் இடத்தில் பந்து இல்லை, இரண்டு மீட்டர் முன்னே வந்துவிட்டது என்று பொருள். எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தாலும் இந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்பு தொலைக்காட்சியின் அமைப்புகளில் ‘கேம் மோடு’ எங்கே இருக்கிறது என்று தேடி அதை இயக்குங்கள். அசைவை மிருதுவாக்கும் வசதிகளை அணைத்துவிடுங்கள். கணினி மானிட்டர் இருந்தால் அதில் விளையாடுவது இன்னும் நல்லது. நிறம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

அடுத்தது கேமரா. தொலைக்காட்சி ஒளிபரப்பு போலத் தெரியும் கோணம் பார்க்க அழகாக இருக்கும், பேட்டிங்குக்கு உதவாது. ‘ஸ்டிரைக் ஜோன்’ என்ற பெயரில் தொடங்கும் கோணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கேட்சரின் தோளுக்கு அருகிலிருந்து, பந்து வீசும் பிட்சரை நேராகப் பார்க்கும் கோணம் அது. பந்து பெரிதாகத் தெரியும், உயரத்தையும் அகலத்தையும் கணிக்க முடியும். தேர்ந்தெடுத்த பிறகு அதை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கண் ஒரு கோணத்துக்குப் பழகச் சில நாட்கள் ஆகும், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கேமராவை மாற்றுபவர்கள் எந்தக் கோணத்துக்கும் பழகுவதில்லை.

பேட்டிங் முறைகளில் முக்கியமானவை மூன்று. ‘டைரக்ஷனல்’ முறையில் சரியான நேரத்தில் பொத்தானை அழுத்தினால் போதும், மீதியை வீரரின் திறன் எண்கள் பார்த்துக்கொள்ளும். ‘ப்யூர் அனலாக்’ முறையில் வலது ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளி மட்டையைச் சுழற்ற வேண்டும். ‘ஜோன்’ முறையில் இடது ஸ்டிக்கால் ஒரு குறியைப் பந்து வரும் இடத்துக்கு நகர்த்தி, சரியான நேரத்தில் பொத்தானையும் அழுத்த வேண்டும். அந்தக் குறிக்குத்தான் பிசிஐ என்று பெயர். புதியவர்கள் டைரக்ஷனலில் தொடங்கட்டும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பந்து எங்கே வருகிறது என்று பார்க்கும் கட்டாயம் அதில் இல்லாததால் கண் பழகாது. பந்து ஓட்டத்துக்கு அறிமுகமாக ஒன்றிரண்டு ஆட்டங்கள் அதில் ஆடிவிட்டு, நேராக ‘ஜோன்’ முறைக்கு வந்துவிடுங்கள். தொடக்கத்தில் அடி வாங்குவீர்கள், ஆனால் கற்பது வீணாகாது.

பிசிஐயின் வடிவம், நிறம், நிறத்தின் அடர்த்தி ஆகியவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். பந்தை மறைக்காத மெல்லிய வடிவமாகவும், புல்வெளியோடும் பிட்சரின் உடையோடும் கலந்துவிடாத நிறமாகவும் தேர்ந்தெடுப்பது நல்லது.

கடின நிலை பற்றி ஒரு சொல். ‘ரூக்கி’ நிலையில் பந்து மிக மெதுவாக வரும். அங்கே நன்றாக அடிப்பது மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் அங்கே பழகிய நேரக் கணிப்பு மேலே போனதும் உதவாது, மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். ‘வெட்டரன்’ நிலையில் தொடங்கி, கூடிய விரைவில் ‘ஆல்-ஸ்டார்’ நிலைக்கு மாறுவதே என் பரிந்துரை.

அடிக்காமல் ஒரு பயிற்சி

கேமில் ‘கஸ்டம் பிராக்டிஸ்’ என்றொரு பகுதி இருக்கிறது. அதில் பிட்சரையும் அவர் வீச வேண்டிய பந்து வகைகளையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வலது கைப் பிட்சர் ஒருவரை நிறுத்துங்கள். எல்லா வகைப் பந்துகளையும் கலந்து வீசச் சொல்லுங்கள். கன்ட்ரோலரை மேசை மேல் வைத்துவிடுங்கள்.

இப்போது பந்தைப் பார்ப்பது மட்டுமே வேலை. பந்து கேட்சரை அடைவதற்கு முன்பு அது என்ன வகை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: “ஃபாஸ்ட்.” “ஸ்லைடர்.” “ஃபாஸ்ட்.” “கர்வ்.” பந்து விழுந்ததும் வகையும் வேகமும் திரையில் வரும். உங்கள் விடை சரியா என்று உடனே தெரிந்துவிடும். இரண்டாவது சுற்றில் வகையை விட்டுவிட்டு “உள்ளே”, “வெளியே” என்று மட்டும் சொல்லுங்கள், அதாவது ஸ்டிரைக்கா பாலா என்று. மூன்றாவது சுற்றில் இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். வாய்விட்டுச் சொல்லும்போது மனம் ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். மனதுக்குள் சொல்லிக்கொள்பவர்கள், விடை திரையில் தெரிந்த பிறகு “நானும் அதைத்தான் நினைத்தேன்” என்று தங்களையே சமாதானப்படுத்திக்கொள்வார்கள். அதில் எதுவும் கற்க முடியாது.

முதல் நாள் பாதிக்குப் பாதி தவறும். பொத்தானை அழுத்தும் பதற்றம் இல்லாததால் கண் விரைவில் தேறும். தினமும் ஆட்டத்தைத் தொடங்கும் முன் பத்து நிமிடம் இதைச் செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள்.

கண் எங்கே இருக்க வேண்டும்

பிட்சர் கையைத் தூக்கும்போதே அவர் முகத்தையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தால் பந்து புறப்படும் நொடியைத் தவறவிடுவீர்கள். ஒவ்வொரு பிட்சரும் பந்தை ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்துதான் விடுவார். வலது கைப் பிட்சர் என்றால் திரையில் அவர் தலைக்கு இடப்புறம், இடது கை என்றால் வலப்புறம். சிலர் தலைக்கு மேலிருந்து விடுவார்கள், சிலர் தோளுக்குப் பக்கவாட்டில் கையைத் தாழ்த்தி விடுவார்கள். முதல் இரண்டு பந்துகளில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுங்கள். அதன் பிறகு பிட்சர் அசையத் தொடங்கும்போது பார்வையைப் பொதுவாக அவர் மேல் வைத்திருந்து, கை மேலே வரும் நேரத்தில் அந்தச் சிறு இடத்துக்கு நகர்த்துங்கள்.

அங்கிருந்து பந்து முதல் சில மீட்டர் எப்படிப் பயணிக்கிறது என்பதில்தான் பெரும்பாலான செய்தி இருக்கிறது. கையை விட்டதும் பந்து நேராகக் கீழிறங்கி வருகிறதா, ஒரு கணம் மேலே எழும்பிவிட்டு வருகிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா என்பதைக் கவனியுங்கள். வேகத்தைத் தனியாகக் கணிக்க முயல வேண்டாம். பாதையைக் கணித்தால் வேகம் தானாகப் பிடிபடும்.

பந்து வகைகள், திரையில் தெரிகிறபடி

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பால். மற்ற எல்லா வகைகளும் இதைப் போலத் தோன்றி ஏமாற்றுவதற்காகவே வீசப்படுகின்றன. ஆகவே இதன் பாதை உங்கள் கண்ணில் ஆழமாகப் பதிய வேண்டும். கையிலிருந்து நேர்க்கோட்டில் வருவதுபோல் இருக்கும், வளைவு குறைவு. ஜோனின் மேல் விளிம்பில் வரும்போது எதிர்பார்த்ததைவிட உயரத்தில் வந்து சேரும். புதியவர்கள் பெரும்பாலும் அதன் அடியில் மட்டையை வீசிவிடுவார்கள்.

சிங்கரும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் வரும். கடைசி நேரத்தில் பிட்சரின் கைப் பக்கமாகச் சாய்ந்து கீழிறங்கும். வலது கைப் பிட்சரின் சிங்கர் திரையில் இடப்புறம் நகரும், அதாவது வலது கை பேட்டரின் உடலை நோக்கி வரும். கட்டர் இதற்கு நேரெதிர். ஃபாஸ்ட்பாலைவிடக் கொஞ்சம் மெதுவாக வந்து, கடைசியில் சிறிதளவு எதிர்ப்பக்கம் விலகும். நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா பெரும்பாலும் இந்த ஒரே பந்தை வீசியே நிலைத்து நின்றவர். 2019இல் பேஸ்பாலின் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு வாக்குகூடக் குறையாமல் தேர்வானார்.

கர்வ்பாலைக் கண்டுபிடிப்பது மற்றவற்றைவிட எளிது. கையை விட்டதும் ஒரு கணம் மேலே எழும்பும். ஃபாஸ்ட்பால் அப்படி எழும்பாது. அந்த எழும்பலைப் பார்த்ததும் விரலைத் தளர்த்திவிடுங்கள், பந்து வந்து சேர நேரம் இருக்கிறது. உங்கள் முகத்துக்கு நேராகப் புறப்பட்டதுபோல் தோன்றும் கர்வ்பால் ஜோனுக்குள் விழும், முழங்கால் உயரத்துக்குப் புறப்பட்டதுபோல் தோன்றுவது தரையில் விழும். டாட்ஜர்ஸ் அணிக்காக ஆடிய கிளேட்டன் கெர்ஷாவின் கர்வ்பாலைப் பயிற்சியில் எதிர்கொண்டு பாருங்கள், அந்த எழும்பல் என்னவென்று தெளிவாகத் தெரியும்.

ஸ்லைடரில் நின்று நிதானிக்க வேண்டும், ஏனென்றால் புதியவர்களை மிக அதிகமாக வீழ்த்துவது இதுதான். இது ஃபாஸ்ட்பால் போலவே புறப்படும், எழும்பலும் இருக்காது. பாதி தூரம் வரை இரண்டையும் பிரித்தறிவது கடினம். பிறகு எதிர்ப்பக்கமாக வெட்டித் திரும்பிக் கீழிறங்கும். வலது கைப் பிட்சரின் ஸ்லைடர் திரையில் இடமிருந்து வலமாகப் போகும், அதாவது வலது கை பேட்டரை விட்டு விலகிப் போகும். இங்கே ஒரு எளிய விதி உதவும்: வலது கை பேட்டராக இருக்கும்போது, பந்து ஜோனின் நடுவை நோக்கிப் புறப்பட்டு, அது ஸ்லைடராக இருக்கலாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். நடுவில் தொடங்குகிற நல்ல ஸ்லைடர் வெளியேதான் போய் முடியும். உங்கள் உடலை நோக்கிப் புறப்படும் ஸ்லைடர்தான் ஜோனுக்குள் வந்து சேரும், அடிக்க ஏற்றது அதுதான். ஸ்வீப்பர் என்பது இதே பந்தின் இன்னும் அகலமாக நகரும் வடிவம், கீழிறக்கம் குறைவு. அதற்கும் இதே விதிதான்.

சேஞ்ச்-அப்பில் கை அசைவும் புறப்படும் பாதையும் ஃபாஸ்ட்பாலுடையவை, வேகம் மட்டும் மணிக்கு 13 முதல் 20 கிலோமீட்டர் வரை குறைவு. 95 மைல் ஃபாஸ்ட்பாலுக்கும் 85 மைல் சேஞ்ச்-அப்புக்கும் வந்து சேரும் நேரத்தில் உள்ள இடைவெளி, விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஏறக்குறைய மூன்றே ஃபிரேம். கண்ணால் பார்த்து விரலை நிறுத்த அது போதாது. இந்தப் பந்தை எதிர்பார்ப்பால்தான் சமாளிக்க முடியும். பொதுவாக எதிர்க்கை பேட்டர்களுக்கு இதை அதிகம் வீசுவார்கள். வலது கைப் பிட்சருக்கு எதிராக இடது கை பேட்டரை நிறுத்தியிருந்தால் இதை நினைவில் வைத்திருங்கள். ஸ்பிளிட்டரும் இதே குடும்பம்தான். இன்னும் கொஞ்சம் வேகமாக வந்து திடீரென்று தாழும். தாழ்வாகப் புறப்பட்ட ஸ்பிளிட்டரை அடிக்கவே வேண்டாம், அது ஜோனுக்குள் நிற்காது. மெட்ஸ் அணியின் கோடாய் செங்கா வீசும் ‘பேய் ஃபோர்க்’ பந்துக்கும் இதே மருந்துதான்.

நக்கிள்பால் வீசுபவர்கள் இன்று மிகக் குறைவு. வந்தால் பிசிஐயை நடுவில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருங்கள், அவ்வளவுதான்.

புதிய பிட்சர் வரும்போதெல்லாம் அவரிடம் என்னென்ன பந்துகள் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். மூன்றே வகை வைத்திருப்பவரிடம் ஐந்தை எதிர்பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

பிசிஐயை நகர்த்தும் கலை

புதியவர்கள் ஸ்டிக்கை ஒரேயடியாக மூலைக்குத் தள்ளுவார்கள். பந்து ஜோனின் ஓரத்தில் இருக்கும், பிசிஐ அதையும் தாண்டிப் போயிருக்கும். ஹோம் பிளேட்டின் அகலம் 43 சென்டிமீட்டர்தான். ஸ்டிக்கை முழுவதும் தள்ள வேண்டிய அளவுக்கு அங்கே இடமில்லை. கட்டை விரலின் நுனியால் மெதுவாக, சிறிதளவு நகர்த்திப் பழகுங்கள். கஸ்டம் பிராக்டிஸில் ஃபாஸ்ட்பாலை மட்டும் ஜோனின் எல்லாப் பக்கங்களுக்கும் வீசச் சொல்லி, மட்டையைச் சுழற்றாமல் பிசிஐயைப் பந்தின் மேல் கொண்டுபோய் வைக்கும் வேலையை மட்டும் செய்யுங்கள். கட்டை விரல் வழுக்கினால் ஸ்டிக்கின் மேல் பொருத்தும் உயரமான மூடி ஒன்றை வாங்கலாம். நுணுக்கமாக நகர்த்த அது உதவும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதும் முக்கியம். பந்து புறப்படும் முன்பே உங்கள் கவனம் ஜோனின் மேல் பாதியில் இருக்கட்டும். மேலே வரும் ஃபாஸ்ட்பாலுக்குத்தான் அவகாசம் மிகக் குறைவு. மெதுவான பந்துகள் பெரும்பாலும் கீழே விழும், அவற்றுக்கு விரலைக் கீழே கொண்டுவர நேரம் கிடைக்கும். கீழே காத்திருந்து மேலே போவது மிகக் கடினம். பிசிஐயை முன்கூட்டியே ஒரு பகுதியில் நிலைநிறுத்தும் வசதியும் கேமில் உண்டு. கைக்குப் பழகிய பிறகு அதை முயன்று பாருங்கள்.

பிளேஸ்டேஷனில் எக்ஸ் பொத்தான் சாதாரண வீச்சு, வட்டம் தொடர்புக்கான (பந்தில் மட்டை பட்டால் போதும் என்ற) வீச்சு, சதுரம் வலுவான வீச்சு. தொடர்பு வீச்சில் பிசிஐ விரியும், அடியின் வலு குறையும். வலுவான வீச்சில் பிசிஐ சுருங்கும். கற்கும் காலம் முழுவதும் சாதாரண வீச்சையே பயன்படுத்துங்கள். ஹோம் ரன் ஆசையில் சதுரத்தைத் தொடுபவர்கள், சிறிய குறியை வைத்துக்கொண்டு பெரிய வேலையைச் செய்யப் பார்க்கிறார்கள். சரியான இடத்தில் சரியான நேரத்தில் பட்டால் சாதாரண வீச்சிலும் பந்து வேலியைத் தாண்டும். இன்னொன்று: பொத்தானை அழுத்தியதும் சட்டென்று விட்டுவிட்டால் வீரர் வீச்சைப் பாதியில் நிறுத்திக்கொள்வார். அடிப்பதென்று முடிவு செய்துவிட்டால் பொத்தானை அழுத்திப் பிடித்திருங்கள்.

நேரம்

உடலுக்கு நெருக்கமாக வரும் பந்தைக் கொஞ்சம் முன்னதாகவும், வெளிப்புற ஓரத்தில் வரும் பந்தைக் கொஞ்சம் தாமதித்தும் அடிக்க வேண்டும். உள்ளே வருவதை முன்னே சந்தித்தால்தான் மட்டை முழுதாகச் சுழல இடம் கிடைக்கும். வெளியே வருவதை அவசரப்பட்டு இழுத்து அடித்தால் தரையில் உருண்டு இன்ஃபீல்டரின் கைக்குப் போய்விடும். அதை வந்தபடியே எதிர்ப்பக்கம் தட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் நேரம் சரியா, முன்னதாகவா, தாமதமா என்று கேம் காட்டும். பிசிஐ பந்திலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்பதும் தெரியும். ஒரு வீச்சை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், சேர்த்துப் பாருங்கள். தொடர்ந்து தாமதம் என்று வந்தால் முதலில் திரையின் தாமதத்தைச் சந்தேகியுங்கள், பிறகு உங்கள் காத்திருப்பை. தொடர்ந்து முன்னதாக என்று வந்தால் ஃபாஸ்ட்பாலை மட்டுமே எதிர்பார்த்து ஏமாறுகிறீர்கள். நேரமும் இடமும் சரியாக இருந்தும் பந்து நேராக ஃபீல்டர் கைக்குப் போனால், அது நல்ல பேட்டிங்தான். அதற்காக எதையும் மாற்ற வேண்டாம். இந்தப் பொறுமை இல்லாமல் சரியான பழக்கத்தைக் கைவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எந்தப் பந்துக்குக் காத்திருப்பது

பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் 1941இல் .406 சராசரியோடு, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 406 வெற்றிகரமான அடி என்ற விகிதத்தில், ஆட்டப் பருவத்தை முடித்தவர். அவர் ஸ்டிரைக் ஜோனை அகலத்தில் ஏழு, உயரத்தில் பதினொன்று என 77 பந்தளவுக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் தன்னால் எவ்வளவு அடிக்க முடியும் என்று கணக்கிட்டார். நடுவில் .400 என்று குறித்தவர், வெளிப்புறக் கீழ் மூலைக்கு .230 என்றே குறித்தார். அவ்வளவு பெரிய பேட்டருக்கே அந்த மூலையில் வரும் பந்து கடினம் என்றால், இரண்டு ஸ்டிரைக் ஆகும்வரை நாம் ஏன் அதைத் துரத்த வேண்டும்? ஸ்டிரைக் என்பதாலேயே ஒரு பந்தை அடித்தாக வேண்டியதில்லை.

எண்ணிக்கையைப் பொறுத்துத் திட்டம் மாற வேண்டும். பேஸ்பாலில் பாலை முதலிலும் ஸ்டிரைக்கை அடுத்தும் சொல்வார்கள். 2-0, 3-1 போன்ற நிலைகளில் நெருக்கடி பிட்சருக்கு, அவர் ஜோனுக்குள் வீசியாக வேண்டும். அப்போது ஒரே வகைப் பந்தை, ஒரே பகுதியில் எதிர்பார்த்து நில்லுங்கள். அது வராவிட்டால் விட்டுவிடுங்கள். 0-2, 1-2 என்றால் நிலைமை தலைகீழ். பிட்சர் ஜோனுக்கு வெளியே வீசி உங்களைத் துரத்த வைப்பார். அப்போது ஓரப் பந்துகளைத் தட்டி ஃபவுல் ஆக்குவதும், அதாவது ஆடுகளக் கோட்டுக்கு வெளியே போகவிடுவதும், வெற்றிதான். இரண்டு ஸ்டிரைக்குக்குப் பிறகு எத்தனை ஃபவுல் அடித்தாலும், பன்ட் (மட்டையைச் சுழற்றாமல் பந்தைத் தொட்டுவிடுவது) செய்யாதவரை, பந்து தரையில் படும் முன் பிடிபடாதவரை, அவுட் இல்லை.

ஒரு முழு வாய்ப்பை எப்படி ஆடுவது என்று பார்ப்போம். நீங்கள் வலது கை பேட்டர், எதிரே வலது கைப் பிட்சர். அவரிடம் 95 மைல் ஃபாஸ்ட்பால், 86 மைல் ஸ்லைடர், 79 மைல் கர்வ்பால் இருக்கின்றன. தொடக்கத் திட்டம்: மேலே, உடலுக்கு அருகே வரும் ஃபாஸ்ட்பால் மட்டும்.

முதல் பந்து நடுவை நோக்கிப் புறப்பட்டு வலப்புறம் வெட்டிப் போகிறது. ஸ்லைடர், விட்டீர்கள், 1-0. இரண்டாவது, வெளிப்புறக் கீழ் மூலையில் ஃபாஸ்ட்பால். ஸ்டிரைக்தான், ஆனால் உங்கள் பந்து அல்ல, அதையும் விட்டீர்கள், 1-1. மூன்றாவது கையை விட்டதும் எழும்புகிறது, உயரம் குறைவு, தரையில் விழப்போகிற கர்வ்பால், 2-1. இப்போது இன்னொரு பால் கொடுக்க அவருக்கு மனம் வராது. ஃபாஸ்ட்பால் வருகிறது, நடுவுக்குக் கொஞ்சம் உள்ளே. சுழற்றுகிறீர்கள், ஒரு நொடித்துளி தாமதம், ஃபவுல், 2-2. இங்கே திட்டத்தை விரிக்க வேண்டும்: ஜோனுக்குள் வரும் எதையும் தட்டத் தயாராக இருக்கிறீர்கள். ஐந்தாவது பந்து முதல் பந்தைப் போலவே நடுவில் புறப்படுகிறது. அது எங்கே போய் முடியும் என்று ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். விரலை அடக்குகிறீர்கள், பந்து வெளியே போகிறது, 3-2. ஆறாவது, மேலே உடலுக்கு அருகே ஃபாஸ்ட்பால். தொடக்கத்திலிருந்து காத்திருந்த பந்து. இடது புறம் மூன்றாவது பேஸுக்கு மேலாகப் பறக்கிறது.

ஆறு பந்துகளில் மட்டை சுழன்றது இரண்டு முறைதான். ஐந்தாவது பந்தை விட முடிந்ததற்குக் காரணம் முதல் பந்தை விட்டுவிட்டுக் கவனித்ததுதான்.

அடுத்த கட்டம்

கஸ்டம் பிராக்டிஸில் அடிக்கத் தொடங்கும்போது ஒரு வகைப் பந்தோடு தொடங்கி ஒவ்வொன்றாகச் சேருங்கள். முதலில் ஃபாஸ்ட்பால் மட்டும், பிறகு அதோடு சேஞ்ச்-அப், அதன் பிறகு ஸ்லைடர். ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்துவிடாதீர்கள். ஆட்டத்துக்குள் நுழையும்போது ‘ரோடு டு தி ஷோ’ பகுதி நல்ல தொடக்கம். அதில் ஒரே வீரராக ஆடுவதால், அணி முழுவதையும் கவனிக்கும் சுமை இல்லாமல் பேட்டிங் வாய்ப்புகள் அடுத்தடுத்து வரும்.

இணையத்தில் மனிதர்களோடு ஆடும்போது ஒரு வேறுபாடு தெரியும். மனிதர்களுக்குப் பழக்கங்கள் உண்டு. இரண்டு ஸ்டிரைக் ஆனதும் ஒருவர் எப்போதும் ஸ்லைடர் வீசுவார், இன்னொருவர் முதல் பந்தை எப்போதும் ஃபாஸ்ட்பாலாகவே போடுவார். முதல் மூன்று இன்னிங்ஸில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், ஆறாவது இன்னிங்ஸில் பயன்படும். இணைய இணைப்பை முடிந்தால் கம்பி வழியாகக் கொடுங்கள்.

பணம் அதிகம் செலவழிக்காமல் பழகிப் பார்க்க விரும்புபவர்கள், கொனாமி 2023இல் ஸ்விட்ச்சுக்கும் பிளேஸ்டேஷன் 4க்கும் வெளியிட்ட ‘டபிள்யூபிஎஸ்சி ஈபேஸ்பால்: பவர் ப்ரோஸ்’ விளையாட்டைப் பார்க்கலாம். ஏறக்குறைய ஒரு டாலர் விலையில் வந்தது. வீரர்கள் பொம்மைகள் போல் இருந்தாலும், குறியை நகர்த்தி அடிக்கும் முறை தீவிரமானது. ‘சூப்பர் மெகா பேஸ்பால்’ வரிசையில் கடின நிலையை ஈகோ என்ற எண்ணால் சிறிது சிறிதாக ஏற்றிக்கொள்ளலாம். படிப்படியாகக் கற்க விரும்புபவர்களுக்கு அது வசதி.

எப்போது அடுத்த நிலைக்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு: ரன் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒரு ஆட்டத்தில் ஜோனுக்கு வெளியே போன பந்துகளில் எத்தனையை அடிக்கப் போனீர்கள் என்று எண்ணுங்கள். ஐந்தாறு ஆட்டங்களில் அந்த எண் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால், தோற்றிருந்தாலும், நிலையை ஒன்று உயர்த்துங்கள். உயர்த்திய முதல் நாள் மறுபடியும் கன்ட்ரோலரை மேசை மேல் வைத்து, பந்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லும் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்.